ஒரு குடும்ப இறைச்சி நிறுவனத்தின் வரலாற்றை எழுதுவது எப்படி

வட்டார அளவில் வளர்ந்த ஒரு குடும்ப இறைச்சி நிறுவனத்தின் வரலாற்றை எழுத முனைபவரிடம் முதலில் வந்து சேர்வது நிறுவனரின் புகைப்படமும், அவர் வெறுங்கையோடு கப்பலேறி வந்த கதையும், தலைமுறை மாறியும் சுவை மாறவில்லை என்ற விளம்பர வாசகமும்தான். இந்த மூன்றையும் வைத்தே ஒரு புத்தகத்தை முடித்துவிட முடியும். பல நிறுவனங்களின் நூற்றாண்டு மலர்கள் அப்படித்தான் முடிந்திருக்கின்றன. ஆனால் அத்தகைய மலரை வாசித்து முடித்த பிறகும், அந்தக் கடை ஏன் அந்த ஊரில் தோன்றியது, ஏன் அந்த அளவுக்கு வளர்ந்தது, ஏன் ஒரு கட்டத்தில் நின்றது அல்லது விற்கப்பட்டது என்ற கேள்விகள் அப்படியே இருக்கும்.

இறைச்சி மற்ற சரக்குகளைப் போன்றது அன்று. வெட்டிய நிமிடத்திலிருந்து அது கெடத் தொடங்குகிறது. ஆகவே இத்தொழிலின் வரலாற்றை எழுதுபவர் தம் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த நிறுவனத்தின் இறைச்சி, கெட்டுப்போகாமலும் சட்டத்தை மீறாமலும், ஒவ்வொரு காலத்திலும் எவ்வளவு தூரம் போக முடிந்தது? பனிக்கட்டி, ரயில், உப்பு, அரசு முத்திரை, காற்றில்லா உறை ஆகிய அனைத்தும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும். குடும்பத்தின் கதையும் இதன் மேல்தான் நிற்கிறது.

இந்த வழிமுறையை விளக்க, அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் 1883 முதல் 1981 வரை ஒரே குடும்பத்தின் கையில் இருந்த ஆஸ்கர் மேயர் நிறுவனத்தை முதன்மை எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்கிறேன். சிகாகோவின் ஒரு தெருக்கடையாகத் தொடங்கி, விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் பெரிய ஆலையாகி, பின்பு நாடறிந்த பெயரான நிறுவனம் அது. தேவையான இடங்களில் மினசோட்டாவின் ஹார்மெல், மில்வாக்கியின் யூசிங்கர், பென்சில்வேனியாவின் கிளெமென்ஸ் குடும்பம் ஆகியோரையும் துணைக்கு அழைக்கிறேன். நீங்கள் எழுதப்போவது வேறு ஊரின் வேறு குடும்பமாக இருந்தாலும், தேடும் இடங்களும் கேட்கும் கேள்விகளும் பெரும்பாலும் இவையே.

உரிமை, இடம், எட்டிய தூரம்

வேலையைக் காலவரிசையிலிருந்து தொடங்குங்கள். ஒரு நீளமான தாளில் மூன்று பத்திகள் இட்டு, முதல் பத்தியில் நிறுவனம் யாருக்குச் சொந்தமாக இருந்தது என்பதையும், இரண்டாவதில் எங்கே இயங்கியது என்பதையும், மூன்றாவதில் அதன் சரக்கு எதுவரை போனது என்பதையும் ஆண்டுவாரியாக எழுதுங்கள். குடும்பத்தின் பெயர், நிறுவனத்தின் பெயர், சந்தைப் பெயர் ஆகிய மூன்றும் ஒன்றாகத் தோன்றினாலும் அவற்றுக்குத் தனித்தனி ஆயுள் உண்டு. இதைத் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ளாதவர்கள், குடும்பம் விலகிப் பல ஆண்டுகள் ஆன பிறகும் நிறுவனத்தைக் குடும்ப நிறுவனமாகவே எழுதிக்கொண்டு போவார்கள்.

ஆஸ்கர் மேயருக்கு இந்தத் தாள் எப்படி அமையும் என்று பார்ப்போம். நிறுவனர் 1859இல் ஜெர்மனியில் பிறந்தார். 1873இல், பதினான்கு வயதில், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகருக்கு வந்து ஓர் இறைச்சிக் கடையில் தொழில் பழகினார். பிறகு சிகாகோவுக்குச் சென்று, ஆர்மர் நிறுவனத்தின் பெரிய இறைச்சிக்கூடத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். 1883இல், ஜெர்மனியில் சாசேஜ் (அரைத்த இறைச்சியைக் குடல் உறையில் அடைத்துச் செய்யும் பண்டம்) செய்முறை கற்றிருந்த தம்பி காட்ஃபிரீடுடன் சேர்ந்து, நகரின் வடபகுதியில் ஜெர்மானியர்கள் வாழ்ந்த பேட்டையில் ஒரு கடையைக் குத்தகைக்கு எடுத்தார். வியாபாரம் நன்றாக நடப்பதைக் கண்ட கட்டட உரிமையாளர் 1888இல் குத்தகையைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார். சகோதரர்கள் அருகிலேயே சொந்தமாக இடம் வாங்கிக் கட்டடம் எழுப்பினர். 1919இல் மேடிசன் நகரில் நொடித்துப்போன விவசாயிகள் கூட்டுறவு இறைச்சி ஆலை ஒன்றை விலைக்கு வாங்கினர். 1955இல் நிறுவனர் காலமானார். 1981இல் ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனத்துக்கு எல்லாம் விற்கப்பட்டது. மேடிசன் ஆலையை மூடப்போவதாக 2015இல் அறிவிப்பு வந்து, 2017இல் அது மூடப்பட்டது. சந்தைப் பெயர் மட்டும் அதன் பின்னும் கடைகளில் இருந்தது.

இந்தப் பட்டியலில் எழுத்தாளர் நின்று பார்க்க வேண்டிய ஆண்டுகள் இரண்டு: 1888, 1919. முதலாவதில், குத்தகைக்காரர்களாக இருந்தவர்கள் நில உரிமையாளர்களாக மாறுகிறார்கள். புகைக்கூண்டும் குளிரறையும் போன்ற நிரந்தரக் கட்டுமானங்களில் பணத்தைப் போடும் துணிவு சொந்த நிலத்தில்தான் வரும். இரண்டாவதில், வாங்குபவர்கள் வாழும் நகரத்திலிருந்து பன்றிகள் வளரும் நாட்டுப்புறத்துக்குத் தொழில் இடம்பெயரத் தொடங்குகிறது. நீங்கள் எழுதும் நிறுவனத்திலும் இத்தகைய இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும். அவை பெரும்பாலும் குடும்பத்தினர் கொண்டாடும் ஆண்டுகளாக இருப்பதில்லை.

ஆண்டு விழா மலரை நம்பாமல் ஆவணங்களிடம் போவது

குடும்பத்தினரைப் பேட்டி காணும் முன் ஆவணங்களைப் பார்த்துவிடுவது நல்லது. ஆவணம் தெரிந்து கேட்கும் கேள்விக்குக் கிடைக்கும் விடையும், ஒன்றும் தெரியாமல் கேட்கும் கேள்விக்குக் கிடைக்கும் விடையும் வேறு வேறு.

அமெரிக்க நகரங்களைப் பொறுத்தவரை, முதல் துணை அந்தந்த நகரத்தின் ஆண்டு முகவரிப் புத்தகங்கள். வீட்டுத் தலைவரின் பெயர், தொழில், வீட்டு முகவரி, கடை முகவரி ஆகியவை அவற்றில் அகரவரிசையில் இருக்கும். 1890ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் 1921இல் ஏற்பட்ட தீ விபத்தின் விளைவாக ஏறக்குறைய முழுவதும் இல்லாமல் போய்விட்டன. ஜெர்மானியக் குடும்பங்களின் இறைச்சிக் கடைகள் பல முளைத்த காலமும் அதுவே என்பதால், 1880க்கும் 1900க்கும் இடையிலான இருபது ஆண்டு இடைவெளியை இந்த முகவரிப் புத்தகங்களைக் கொண்டுதான் நிரப்ப வேண்டியிருக்கும். ஒருவர் முதல் ஆண்டு 'இறைச்சி வெட்டுபவர்' என்றும், அடுத்த ஆண்டு ஒரு கூட்டாளியின் பெயரோடும், அதற்கடுத்த ஆண்டு தனியாகவும் வருவதைக் கண்டால், குடும்பக் கதையில் இடம்பெறாத ஒரு கூட்டாளி இருந்தார் என்பது தெரியவரும். ஹார்மெலின் தொடக்கமும் அப்படிப்பட்டதே: ஜார்ஜ் ஹார்மெல் மினசோட்டாவின் ஆஸ்டின் என்ற சிற்றூரில் 1887இல் ஒரு கூட்டாளியுடன் தொடங்கிய இறைச்சிக் கடை கலைந்த பிறகுதான், 1891இல் தனி நிறுவனத்தைத் தொடங்கினார்.

1841 முதல் இயங்கிய ஒரு கடன் மதிப்பீட்டு நிறுவனத்தின் கையெழுத்துப் பேரேடுகள் 2500 தொகுதிகளுக்கு மேல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பேக்கர் நூலகத்தில் உள்ளன. ஊர் ஊராக இருந்த முகவர்கள், இன்ன கடைக்காரர் நாணயமானவரா, குடிப்பழக்கம் உள்ளவரா, எவ்வளவு கடன் தாங்குவார் என்று எழுதி அனுப்பிய குறிப்புகள் அவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சிறு வியாபாரியைப் பற்றி அவர் குடும்பத்தைச் சேராத ஒருவர் எழுதிய சொற்கள் வேறெங்கும் இவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. அதேபோல் நிறுவனர் இறந்தபோது நீதிமன்றத்தில் தாக்கலான உயிலையும் சொத்துப் பட்டியலையும் தவறாமல் தேடுங்கள். எத்தனை வண்டிக் குதிரைகள், எத்தனை சாசேஜ் அரவை இயந்திரங்கள், யார் யாரிடமிருந்து வரவேண்டிய பாக்கி, மகளுக்கு எவ்வளவு, மகன்களுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் வரும். பங்குகள் பிள்ளைகளுக்குச் சமமாகப் பிரிந்தனவா, ஒருவரிடம் குவிந்தனவா என்ற ஒரு விவரமே, இரண்டு தலைமுறைக்குப் பின் நிறுவனம் விற்கப்பட்டதன் காரணத்தைச் சொல்லிவிடக்கூடும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு மதிப்புமிக்கதாகத் தோன்றுவது சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள். காப்பீட்டு நிறுவனங்களுக்காக 1867இலிருந்து வரையப்பட்ட இந்தத் தாள்கள் அமெரிக்க நகரங்களின் ஒவ்வொரு கட்டடத்தையும் அளவோடு காட்டுகின்றன; பெருமளவு தொகுப்பு அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் உள்ளது, அதில் கணிசமான பகுதி இணையத்திலும் கிடைக்கிறது. செங்கல் கட்டடத்துக்கு இளஞ்சிவப்பு, மரக் கட்டடத்துக்கு மஞ்சள், கல்லுக்கு நீலம் என்று வண்ணம் தீட்டியிருப்பார்கள். ஓர் இறைச்சிக்கூடத்தின் தாளை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பாருங்கள்: தெருவை ஒட்டி இளஞ்சிவப்பில் கடை, அதன் முதுகில் மஞ்சள் நிற மரக்கொட்டகையில் பனிக்கட்டிக் கிடங்கு, மூலையில் தனித்து நிற்கும் சிறு சதுரமாகப் புகையூட்டும் அறை, கொதிகலனுக்கு ஒரு வட்டம், சந்தின் ஓரத்தில் குதிரை லாயம். சில ஆண்டுகள் கழித்து வந்த அடுத்த தாளில் மரக்கொட்டகை செங்கல்லாகியிருக்கும். பனிக்கட்டிக் கிடங்கு இருந்த இடத்தில் குளிரூட்டும் இயந்திரம் என்று எழுதியிருக்கும். அண்டை வீடு ஒன்று நிறுவனத்தின் எல்லைக்குள் வந்திருக்கும். தீப்பிடித்தால் எவ்வளவு இழப்பு என்பதை மட்டுமே மனத்தில் வைத்து வரைந்த சர்வேயர், தம்மை அறியாமல் அந்தக் குடும்பத்தின் வளர்ச்சியை ஆண்டு வாரியாக எழுதிவைத்திருக்கிறார். அடுத்தடுத்த தாள்களை ஒரே அளவில் படியெடுத்து வரிசையாகச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு எழுதுங்கள்.

உற்பத்தித் தொழில்களுக்கான கணக்கெடுப்புத் தாள்களும் உதவும். 1880ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கால்நடை வெட்டுக்கும் இறைச்சிப் பதனுக்கும் தனிப் படிவமே இருந்தது. அதன் பின் வந்த கணக்கெடுப்புகளின் தனித்தனித் தாள்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டதால், 1883இல் பிறந்த மேயர் கடையைப் போன்றவற்றுக்கு அவை பயன்படா. 1880க்கு முன் தோன்றிய நிறுவனமானால் கட்டாயம் பாருங்கள்.

பனிக்கட்டியும் ரயிலும்

இனி அந்த முதல் கேள்விக்கு வருவோம். இயந்திரக் குளிரூட்டல் பரவும் முன், மத்திய மேற்கில் பன்றி வெட்டு குளிர்காலத் தொழிலாக இருந்தது. ஏரிகள் உறைந்ததும் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளுக்குள் அடுக்கி, கோடைக்குச் சேமித்தார்கள். உப்பில் ஊறியதும் புகையில் தொங்கியதும் தூரம் போகும். பச்சை இறைச்சி போகாது. 1870களின் இறுதியில் சிகாகோவின் இறைச்சித் தொழிலதிபர் கஸ்டாவஸ் ஸ்விஃப்ட் தமது பொறியாளர் ஆண்ட்ரூ சேஸ் வடிவமைத்த பனிக்கட்டி ரயில் பெட்டிகளைப் பயன்படுத்தத் தொடங்கியதும், சிகாகோவில் வெட்டிய மாட்டிறைச்சி கெடாமல் கிழக்குக் கடற்கரையை அடைந்தது. கிழக்கு நகரங்களின் உள்ளூர் இறைச்சிக் கடைக்காரர்களுக்கு அது பேரிடி.

அப்படியிருக்க, 1883இல் அதே சிகாகோவில், ஸ்விஃப்ட்டும் ஆர்மரும் கோலோச்சிய ஊரிலேயே, ஒரு சிறு குடும்பக் கடை எப்படிப் பிழைத்தது? உங்கள் வரலாற்றின் உயிர் இந்த மாதிரிக் கேள்வியில்தான் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் பச்சை இறைச்சியைப் பேரளவில், குறைந்த லாபத்தில், தொலைதூரத்துக்கு அனுப்பின. மேயர் சகோதரர்கள் ஜெர்மானிய வாய்க்குப் பழகிய சாசேஜையும், புகையூட்டிய பன்றி இறைச்சியையும், நடந்து வந்து வாங்கக்கூடிய தூரத்தில் இருந்தவர்களுக்கு விற்றார்கள். ருசியும் மொழியும் அறிமுகமும் ஒன்றாக இருந்த ஒரு பேட்டைக்குள், தூரம் போகத் தேவையில்லாத சரக்கை அவர்கள் தேர்ந்துகொண்டதே அவர்களைக் காத்தது. மில்வாக்கியில் ஃபிரெட் யூசிங்கர் 1880இல் தொடங்கிய சாசேஜ் கடையும் இதே தர்க்கத்தில் நின்றது. அந்தக் குடும்பம் பல தலைமுறைகளாக அதே தெருவில் நிலைத்திருப்பதற்கும் இதுவே அடிப்படை.

ஆகவே உங்கள் நிறுவனத்தின் சரக்கு எதுவரை போனது என்பதை ஊகத்தால் எழுதாமல் தேடிக் கண்டுபிடியுங்கள். பழைய விநியோக வண்டிகளின் வழித்தடக் குறிப்பேடு கிடைத்தால் அது பொக்கிஷம். கிடைக்காவிட்டால், சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் செய்தித்தாள்களில் வந்த மளிகைக்கடை விளம்பரங்களைத் தேடி, எந்த ஊரில் எந்த ஆண்டு நிறுவனத்தின் பெயர் முதன்முதலாக வருகிறது என்று குறித்துக்கொண்டே போங்கள். அந்த ஊர்களை வரைபடத்தில் புள்ளியிட்டால், அவை ரயில் பாதையை ஒட்டி நகர்வதும், பிறகு லாரி வந்த காலத்தில் பாதையை விட்டு விரிவதும் தெரியும்.

1919ஆம் ஆண்டின் மேடிசன் கொள்முதலை இந்த வரைபடத்தின் மேல் வைத்துப் பார்த்தால்தான் அதன் பொருள் புலப்படும். உயிருள்ள பன்றியைச் சிகாகோவுக்கு ரயிலில் அனுப்பும்போது வழியில் எடை குறையும், சில இறந்துபோகும், கால்நடைகளை விற்கும் தொழுவச் சந்தையில் தரகும் கட்டணமும் உண்டு. பன்றிகள் வளரும் இடத்திலேயே வெட்டிப் பதப்படுத்தினால் இந்தச் செலவுகள் மிச்சம். ஹார்மெல் 1891இலேயே ஆஸ்டினில் செய்தது இதுதான். 1865இன் கிறிஸ்துமஸ் நாளில் திறக்கப்பட்ட சிகாகோவின் மாபெரும் தொழுவச் சந்தை 1971இல் மூடப்பட்டதற்கும், வெட்டுத்தொழில் நாட்டுப்புறத்துக்குப் போனதே முக்கியக் காரணம்.

அரசு முத்திரையைப் படிக்கும் முறை

சட்டப்படி இறைச்சி எவ்வளவு தூரம் போகலாம் என்பது கேள்வியின் இரண்டாவது பாதி. இதைக் கவனிக்காமல் எழுதப்பட்ட நிறுவன வரலாறுகள் ஏராளம், அந்தக் குறை எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. ஏனெனில் ஒரு நிறுவனம் வட்டார நிறுவனமாகவே நின்றுவிட்டதற்குக் குடும்பத்தின் மனநிறைவைக் காரணம் காட்டுவார்கள். உண்மைக் காரணம் பல வேளைகளில் ஒரு சட்டப்பிரிவாக இருக்கும்.

சிகாகோ இறைச்சிக்கூடங்களின் நிலையை அப்டன் சிங்க்ளேரின் புதினம் அம்பலப்படுத்தியதைத் தொடர்ந்து, 1906 ஜூன் 30ஆம் நாள் மத்திய இறைச்சி ஆய்வுச் சட்டத்தில் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். மாநில எல்லையைத் தாண்டி அல்லது வெளிநாட்டுக்கு விற்கும் இறைச்சி, வெட்டும் முன்னும் பின்னும் மத்திய அரசின் ஆய்வாளரால் சோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும் என்றது சட்டம். மாநிலத்துக்குள்ளேயே விற்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆய்வுக்கு உட்பட வேண்டுமானால் ஒழுகாத தரை, முறையான வடிகால், நல்ல வெளிச்சம், தனியான அறைகள் என்று கட்டடத்தையே மாற்ற வேண்டியிருந்தது. எனவே 1906க்குப் பிறகு ஒவ்வொரு குடும்பமும் ஒரு முடிவை எடுத்தே ஆக வேண்டியிருந்தது: செலவு செய்து மாநில எல்லையைத் தாண்டுவதா, உள்ளேயே இருப்பதா?

ஆஸ்கர் மேயர் நிறுவனம் தானாக முன்வந்து முதலிலேயே மத்திய ஆய்வை ஏற்றது என்பது அதன் வரலாற்றில் பெருமையுடன் சொல்லப்படும் செய்தி. இத்தகைய செய்தியை அப்படியே எடுத்தெழுதவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம், சோதித்துப் பாருங்கள். வேளாண் துறையின் கால்நடைப் பிரிவு 1907 முதல் மாதந்தோறும் வெளியிட்ட அறிவிப்புகளில், எந்தெந்த நிறுவனத்துக்கு ஆய்வு தொடங்கப்பட்டது, எதற்கு விலக்கப்பட்டது என்பது ஆலை எண்ணோடு அச்சாகியிருக்கும். உங்கள் நிறுவனத்தின் ஆலை எண்ணை அந்தப் பட்டியல்களில் தேடி, ஆண்டையும் மாதத்தையும் உறுதிசெய்யுங்கள். எண்கள் பிற்காலத்தில் வேறு உரிமையாளருக்குப் போகக்கூடும் என்பதால், எண்ணை மட்டும் நம்பாமல் பெயரையும் ஊரையும் சேர்த்துப் பாருங்கள்.

பழைய லேபிள்களிலும் டப்பாக்களிலும் இந்த எண் வட்ட முத்திரைக்குள் இருக்கும். தேதியில்லாத ஒரு லேபிளின் காலத்தைக் கணிக்க இதைவிட நல்ல வழி குறைவு. முத்திரை இல்லாத லேபிள் மாநிலத்துக்குள் மட்டும் விற்றதாக இருக்கலாம். முத்திரையோடு வந்த முதல் லேபிள், குடும்பம் எல்லை தாண்ட முடிவெடுத்த பிறகு அச்சானது.

அடுத்து 1967ஐக் குறித்துக்கொள்ளுங்கள். மாநில அரசுகளின் ஆய்வு மத்திய ஆய்வுக்குக் குறைந்தபட்சம் நிகராக இருக்க வேண்டும் என்று அந்த ஆண்டு டிசம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் கூறியது. அதுவரை தளர்வான மாநில விதிகளின் நிழலில் ஓடிய சிறு ஆலைகள், கட்டடத்தைச் சீரமைப்பதா மூடுவதா என்ற நிலைக்கு வந்தன. மாநில ஆய்வு மட்டும் பெற்றவர்கள் எவ்வளவு தூய்மையாக நடத்தினாலும் பக்கத்து மாநிலத்தில் விற்க முடியாது என்ற தடையும் தொடர்ந்தது. 2008இன் வேளாண் சட்டம்தான் சில நிபந்தனைகளோடு அதற்கு ஒரு வழி திறந்தது. நீங்கள் எழுதும் நிறுவனம் 1960களின் இறுதியில் திடீரென ஒரு புதுக் கட்டடம் கட்டியிருந்தாலோ, வெட்டை நிறுத்திவிட்டுப் பதப்படுத்துதலை மட்டும் வைத்துக்கொண்டிருந்தாலோ, காரணத்தை முதலில் இங்கே தேடுங்கள்.

சரக்கை அறிந்துகொள்வது

ஒரு சாசேஜ் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரியாமல் சாசேஜ் நிறுவனத்தின் வரலாற்றை எழுதக் கூடாது. செய்முறை ரகசியம் கேட்டு நச்சரிக்கத் தேவையில்லை. மசாலா அளவில் வரலாறு இல்லை. இறைச்சியைப் பதப்படுத்த, எந்த ஆண்டு வெடியுப்பிலிருந்து சோடியம் நைட்ரைட்டுக்கு மாறினார்கள் என்று கேளுங்கள். அமெரிக்க வேளாண் துறை அதை அனுமதித்தது 1925இல். நாள்கணக்கில் ஊற வேண்டியிருந்த இறைச்சி அதன் பிறகு விரைவாகப் பதமானது. ஊறல் அறைகளின் தேவை குறைந்து, அதே கட்டடத்தில் அதிகச் சரக்கு எடுக்க முடிந்தது. இயற்கைக் குடலிலிருந்து செல்லுலோஸ் உறைக்கு எப்போது போனார்கள் என்று கேளுங்கள். சிகாகோவின் விஸ்கிங் நிறுவனம் 1925இல் அந்த உறையைக் கொண்டுவந்தது. குடல் சுத்தம் செய்த பெண்களின் வேலை அதோடு என்ன ஆயிற்று என்ற கேள்வி அங்கிருந்து பிறக்கும்.

மேயர் குடும்பத்தின் கதையில் இந்தத் தன்மை கொண்ட ஒரு நிகழ்வு 1929இல் நடந்தது. அப்போது சாசேஜ் மொத்தமாகக் கடைக்குப் போய், கண்ணாடிப் பெட்டிக்குள் மற்றவர்களின் சாசேஜோடு கலந்து கிடந்தது. வாங்குபவருக்கு யாருடையது என்று தெரியாது. நிறுவனம், சங்கிலியாகத் தொங்கும் சாசேஜ்களில் ஒவ்வொரு நான்காவதிலும் தன் பெயர் அச்சிட்ட மஞ்சள் காகித வளையத்தை மாட்டியது. ஒரு காகித வளையம்தான். ஆனால் தெரிந்த கடைக்காரரின் முகத்தைப் பார்த்து வாங்கியவர்கள், முகமே தெரியாத தொலைவிலும் பெயரைப் பார்த்து வாங்கும் நிலை அதனால் வந்தது. 1950இல் வந்த வெற்றிட உறை, குளிரூட்டிய அலமாரியில் பல நாள் தாங்கும் துண்டு இறைச்சியைத் தந்து, அந்தத் தொலைவை நாடு முழுவதுமாக விரித்தது.

விளம்பரங்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நிறுவனரின் உறவினரான கார்ல் மேயர் 1936இல் சாலையில் ஓடவிட்ட 13 அடி நீள சாசேஜ் வடிவ வண்டி எல்லோருக்கும் தெரிந்தது; அதைப் பற்றிய படங்களும் செய்திகளும் மலைபோல் கிடைக்கும். எளிதாகக் கிடைக்கிறது என்பதற்காக அதற்குப் பத்துப் பக்கமும், மேடிசன் ஆலையின் வெட்டுத்தளத்துக்கு ஒரு பத்தியும் ஒதுக்கினால் வரலாறு கோணலாகிவிடும்.

ஆலைக்குள் நின்றவர்கள்

உரிமையாளர் குடும்பம் மூன்று தலைமுறை என்றால், அதே ஆலையில் மூன்று தலைமுறையாக வேலை பார்த்த குடும்பங்களும் அந்த ஊரில் இருக்கும். அவர்களைத் தேடாமல் எழுதுவது பாதி வரலாறு. விஸ்கான்சின் வரலாற்றுக் கழகம், மேயர் ஆலை இருந்த அதே மேடிசன் நகரில், அமெரிக்க இறைச்சிக்கூடத் தொழிலாளர் சங்கத்தின் ஆவணங்களையும், 1980களில் பழைய தொழிலாளர்களிடம் பதிவுசெய்த பேட்டிகளையும் பாதுகாக்கிறது. பிற மாநிலங்களிலும் சங்கக் கிளைகளின் கூட்டக் குறிப்புகள் இத்தகைய கழகங்களிலோ பல்கலைக்கழகங்களிலோ கிடைக்கும்.

நேரில் பேட்டி காணும்போது 'அந்தக் காலம் எப்படி இருந்தது' என்று கேட்டால், நல்ல காலம் என்ற பதிலே வரும். கைகளைப் பற்றிக் கேளுங்கள். எந்தக் கத்தி, யார் தீட்டினார்கள், எந்தப் பக்கம் நின்றார்கள், தரை எதனால் வழுக்கியது, குளிரறையிலிருந்து வந்து விரல்களை எங்கே சூடாக்கினார்கள், மணிக்கு எத்தனை பன்றிகள் சங்கிலியில் வந்தன, அந்த வேகத்தை யார் தீர்மானித்தார்கள் என்று கேளுங்கள். வேகத்தைப் பற்றிய கேள்வியிலிருந்து சம்பளம், காயம், சங்கம் எல்லாம் தாமாக வரும்.

குடும்ப முதலாளி என்றால் அன்பான முதலாளி என்ற எண்ணத்தைச் சோதிக்க ஹார்மெலின் வரலாறு நல்ல பாடம். நிறுவனரின் மகன் ஜே ஹார்மெல் 1931இல், பருவத்துக்குப் பருவம் ஆட்குறைப்பு நடக்கும் தொழிலில் ஆண்டு முழுவதும் நிலையான சம்பளம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். ஆனாலும் 1933 நவம்பரில் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே இருந்து வேலைநிறுத்தம் செய்தனர். ஆளுநர் ஃபிளாய்ட் ஆல்சன் நேரில் வந்து சமரசம் பேச வேண்டியிருந்தது. குடும்பம் நிர்வாகத்திலிருந்து விலகிய பிந்தைய காலத்தில், 1985 ஆகஸ்டில் சம்பளக் குறைப்பை எதிர்த்து சுமார் 1500 பேர் இறங்கிய வேலைநிறுத்தத்தின்போது, 1986 ஜனவரியில் மாநிலக் காவற்படையே ஊருக்குள் வந்தது. அண்ணனும் தம்பியும் எதிரெதிர் அணியில் நின்ற அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்கும்போது, இரு தரப்பினரையும் தனித்தனியே, அவரவர் வீட்டில் சந்தியுங்கள். ஒரு தரப்பு சொன்னதை மறு தரப்பிடம் கொண்டுபோய்க் காட்டாதீர்கள்.

குடும்பம் சொல்ல விரும்பாதவை

1921இல் ஹார்மெலின் கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அதிகாரி, பத்தாண்டுகளாக 11 லட்சத்து 87 ஆயிரம் டாலரைக் கையாடியிருந்தது வெளிப்பட்டது. நிறுவனம் திவாலின் விளிம்புக்குப் போய், வங்கிகளின் பொறுமையால் மீண்டது. அதன் பிறகு கணக்கு முறையும் நிர்வாகமும் இறுக்கமாயின. இந்நிகழ்வை அந்நிறுவனம் மறைக்காமல் தன் வரலாற்றின் பகுதியாகவே சொல்கிறது. அதனால் அதன் பெயர் கெட்டுவிடவில்லை. தயங்கும் குடும்பத்திடம் இந்த எடுத்துக்காட்டைச் சொல்லிப் பாருங்கள்.

வெட்டை எழுதுவதிலும் தயக்கம் வேண்டாம். உயிருள்ள விலங்கு உள்ளே போய் இறைச்சியாக வெளியே வருவதுதான் தொழில். அதை ஒரு முழுப் பத்தியில் நிதானமாக, மிகைப்படுத்தாமல், நடந்த வரிசையில் எழுதுங்கள். கழிவு எந்த ஆற்றில் கலந்தது, நாற்றம் எந்தத் தெருவரை வீசியது, அந்தத் தெருவில் யார் குடியிருந்தார்கள் என்பதையும் நகரமன்றக் குறிப்புகளில் தேடி எழுதுங்கள்.

விற்பனையும் பலருக்கு வலிக்கும் இடம். 1960களில் ஐயோவாவில் தோன்றிய புதிய நிறுவனங்கள் மாட்டிறைச்சியை ஆலையிலேயே துண்டாக்கிப் பெட்டியில் அடைத்து அனுப்பத் தொடங்கின; பேரங்காடிகள் பெரிதாகி, சிறு ஆலைகளிடம் வாங்குவதைக் குறைத்தன; மூன்றாம், நான்காம் தலைமுறையில் பங்குதாரர்களின் எண்ணிக்கை கூடி, தொழிலில் இல்லாத உறவினர்கள் பங்கைப் பணமாக்க விரும்பினர். இவற்றில் எது முதன்மைக் காரணம் என்பதை, முன்பு பார்த்த உயிலும் பங்குப் பதிவேடும் சொல்லும். எல்லாக் குடும்பங்களும் விற்கவில்லை என்பதையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். 1895இல் பென்சில்வேனியாவில் ஜான் கிளெமென்ஸ் தொடங்கிய பன்றி இறைச்சித் தொழில் அக்குடும்பத்தின் கையிலேயே நீடித்து, 2017இல் மிச்சிகன் மாநிலத்தில் புதிய ஆலை திறக்கும் அளவுக்கு வளர்ந்தது. ஹார்மெல் குடும்பம் 1940களின் தொடக்கத்தில் பங்குகளை ஓர் அறக்கட்டளையிடம் சேர்த்ததால், நிறுவனம் பொதுப்பங்குச் சந்தையில் இருந்தும் வெளியாரால் விழுங்கப்படவில்லை.

எழுதி முடித்து ஒப்படைப்பது

அத்தியாயங்களைத் தலைமுறை வாரியாகப் பிரிக்காதீர்கள். சரக்கு எட்டிய தூரம் மாறிய ஆண்டுகளில் பிரியுங்கள். குடும்பத்தினரின் பிறப்பும் திருமணமும் மறைவும் அந்தப் பிரிவுகளுக்குள் தம் இடத்தில் அமர்ந்துகொள்ளும். பழைய டாலர் தொகைகளை இன்றைய மதிப்பில் சொல்ல விரும்பினால், அரசின் நுகர்வோர் விலைக் குறியீடு 1913இலிருந்துதான் தொடங்குகிறது என்பதை நினைவில் வையுங்கள். அதற்கு முந்தைய தொகைகளுக்கு, அன்றைய நாட்கூலியையோ ஒரு பவுண்ட் சாசேஜின் விலையையோ பக்கத்தில் எழுதுவது வாசகருக்குக் கூடுதலாக உதவும். குடும்பத்தினர் சொன்னது, ஆவணம் சொன்னது, நீங்கள் ஊகித்தது ஆகிய மூன்றும் வாக்கியத்திலேயே வேறுபட்டுத் தெரிய வேண்டும்.

கையெழுத்துப்படி முடிந்ததும், நிறுவனத்தின் கணக்கு அலுவலரிடம் எண்களையும், ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளியிடம் ஆலை விவரங்களையும் காட்டிச் சரிபாருங்கள். பேட்டிகளின் ஒலிப்பதிவையும், எழுத்துவடிவத்தையும், பேசியவரின் கையொப்பமிட்ட சம்மதத்தையும், வண்டி வழித்தடக் குறிப்பேட்டின் படிகளையும், தேதியிட்ட லேபிள்களின் படங்களையும் பெட்டியிலிட்டு, உள்ளடக்கப் பட்டியலோடு மாநில வரலாற்றுக் கழகத்திலோ மாவட்ட நூலகத்திலோ ஒப்படையுங்கள். ஆலை விற்கப்படும்போது முதலில் குப்பைக்குப் போவது அலுவலகத்தின் பழைய காகிதங்களே என்பதால், இந்த ஒப்படைப்பைப் புத்தகம் அச்சாகும்வரை தள்ளிப்போடாமல், ஆலை இயங்கிக்கொண்டிருக்கும்போதே குடும்பத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு செய்துவிடுங்கள்.